நான் அழித்த கோடு

கைக்கடிகாரம் கட்டுவதை நான் விட்டுப் பல வருஷமாகிறது. யாராவது மணி கேட்டால் வெயிலைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். கொழும்புக்கெல்லாம் போய்வந்த மனுஷன் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டக்கூடாதா என்று வீட்டில் கேலி செய்வார்கள். வார் பட்டால் மணிக்கட்டில் வேர்க்குரு வருகிறது என்று ஒரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு வேர்க்குருவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நடந்ததை எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்ன நினைத்தாலும் அது எனக்குத் தகும்.

எங்கள் ஊர் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு எப்போதாவதுதான் எட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கண்மாயில் நின்றால் சோறு. நிற்காவிட்டால் பிழைப்புத் தேடி ரயில் ஏற வேண்டியதுதான். நானும் அப்படி ஏறினவன்தான். கொழும்பில் ஒரு துணிக்கடையில் எட்டு வருஷம் துணி அளந்து கிழித்துக் கொடுத்தேன். அய்யா இறந்ததும் நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் ஊருக்குத் திரும்பினேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். திரும்பும்போது ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு ஜோடி பூட்ஸ், இடது கையில் ஒரு கடிகாரம் இவ்வளவும் கொண்டு வந்தேன். அப்போது ஊரில் வேறு யார் கையிலும் கடிகாரம் இல்லை. அதனால் நான் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். குளிர்காலத்திலும் அப்படித்தான்.

கண்மாய் நிறைந்து கிடக்கும்போது தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தை பிறந்து, தண்ணீர் மடை வாயளவுக்கு இறங்கி, பயிர் கதிர் வாங்கி நிற்கும்போதுதான் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருக்கும். அப்போது முறை வைப்பார்கள். எங்கள் மடைக்குக் கீழே பதினோரு பங்கு நிலம். காலையில் மடையைத் திறந்தால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பங்குக்கும் பாய்ந்து, பொழுது அடையும்போது மடையைச் சாத்திவிட வேண்டும். இருட்டில் விட்டால் எந்த நண்டு வளை வழியாக எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் பொழுது அடைந்த பிறகு ஒரு சொட்டு விடக்கூடாது என்பது கட்டுப்பாடு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பங்குக்காரர் யாரும் தன் வயலுக்குத் தானே தண்ணீர் திருப்பக்கூடாது. மண்வெட்டியைத் தொடவே கூடாது. வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். வாய்க்காலிலிருந்து வயலுக்கு வாமடை வெட்டுவதும், நேரமானதும் அதை மண் போட்டு அடைப்பதும் நீர்பாய்ச்சி ஒருவருடைய வேலை. ஊர்த்தலைவரான அம்பலகாரர் வயலாக இருந்தாலும் அவர் அடைத்தால் அடைத்ததுதான்.

அந்த நீர்பாய்ச்சிக்கு என் அய்யாவை விட வயது அதிகம். கண்மாய்க்குத் தெற்கே தனியாக இருந்த குடியிருப்பில் அவருக்கு வீடு. எங்கள் தெருவுக்குள் அவர் செருப்புப் போட்டு நடக்க முடியாது, தோளில் துண்டு போட முடியாது. எங்கள் வீட்டுச் சோற்றுக்கு வருகிற தண்ணீர் முழுக்க மட்டும் அவர் கையில் இருந்தது. இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் ‘அவன்’தான். நேரில் ‘ஏலே’. அவர் என்னைச் ‘சாமி’ என்பார். நான் இதை அப்போது கவனித்ததுகூட இல்லை.

அவருக்குக் கடிகாரம் ஒரு குச்சி. மடைக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரை மேல் தரையைச் சமன் செய்து, மணல் பரப்பி, ஒரு முழ உயரத்துக்குப் புளியங்குச்சி ஒன்றை ஊன்றி வைத்திருப்பார். குச்சியின் நிழல் நுனி எங்கே விழுகிறதோ அங்கே கால் கட்டைவிரலால் ஒரு கோடு கிழிப்பார். நிழல் காலையில் வேகமாக நகரும், உச்சிக்கு வர வர மெதுவாக நகரும். அதற்குத் தகுந்த மாதிரி, முதல் பங்குக்கு இவ்வளவு, ஐந்தாம் பங்குக்கு இவ்வளவு என்று அடியும் விரலுமாக அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் ஊரில் ஒருத்தரும் அதுவரை குறை சொன்னதில்லை.

நான் குறை சொன்னேன். அந்த வருஷம் மழை குறைவு. பொங்கலுக்கு முன்னால் விவசாய ஆபீஸர் ஒருவர் ஜீப்பில் வந்து எங்கள் சாவடியில் பேசினார். வயல் குடிக்கிற அளவுக்கு மேல் விட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், போட்ட எருவையும் அடித்துக்கொண்டு போகும், அளந்து விட்டால் இருக்கிற தண்ணீரே எல்லாருக்கும் போதும் என்றார். நல்ல பேச்சு. எனக்கு அது கடிகாரத்துக்காகவே பேசின மாதிரி இருந்தது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன். நிழல் காலையில் ஓடும், மத்தியானம் நொண்டும், அதை வைத்தா தண்ணீர் அளப்பது, காலை ஏழு முதல் சாயங்காலம் ஆறு வரை பதினோரு மணி நேரம், பங்குக்கு ஒரு மணி, ஒரு நிமிஷம் கூடாது குறையாது என்று கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீர்பாய்ச்சி கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“நீ என்னலே சொல்றே?” என்று அம்பலகாரர் அவரைக் கேட்டார்.

“நெழலு ஓடுறதும் நடக்குறதும் எனக்குத் தெரியும் சாமி. அதுக்குத் தக்கன தான் கோடு போடுறேன்” என்றார் அவர். “கடியாரத்த வச்சாலும் சரிதேன். ஆனா அது நிக்காம ஓடணும்ல?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கொழும்புக் கடிகாரம் நிற்குமா என்று கேட்டேன்.

அந்த வருஷம் கண்மாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள் முறைக்கான தண்ணீர். அதற்குப் பிறகு சேறுதான். சித்திரைக்கார் என்கிற சிவப்பு நெல், பால் பிடிக்கிற பருவம். அந்த ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் மணி பிடிக்காத கருக்காய். மேலே உள்ளவர்களுக்கு ஈரம் கொஞ்சம் இருந்தது. கடைசிப் பங்கு என் சின்னம்மாவுடையது. என் அய்யாவுக்குத் தம்பி முறையாகிறவரின் மனைவி. சித்தப்பாவுக்கு இளைப்பு நோய், நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவார். உழவிலிருந்து களையெடுப்பு வரை அந்த அம்மாவேதான் பார்த்தார். அந்த ஒரு வயல்தான் அவர்கள் வீட்டில் வருஷம் பூராவும் உலை ஏறுவதற்கு. முறைக்கு முதல் நாள் அவர் வயல் வெடித்துக் கிடந்ததை நானே பார்த்தேன். வெடிப்பில் என் பூட்ஸ் முனை இறங்கியது.

“நீ கடியாரம் பாக்குறதால எனக்குப் பயமில்ல தம்பி” என்றார் சின்னம்மா.

முறை அன்றைக்கு விடியும் முன்பே எழுந்துவிட்டேன். மடையில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, நான் கையைத் தூக்கிப் பார்த்து “ஏழு” என்றதும் மடை திறந்தது. கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுக்கிறவன்கூட அவ்வளவு பெருமைப்பட மாட்டான். அந்தப் பரபரப்பில் தினமும் பல் விளக்கியதும் செய்கிற ஒரு காரியத்தை மறந்துவிட்டேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை.

நாலாவது பங்கு என்னுடையது. பத்து மணிக்கு நீர்பாய்ச்சி என் வாமடையை வெட்டினார். தண்ணீர் வயலுக்குள் பரவுகிறதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன். நெற்பயிருக்கு அடியில் அது சத்தமில்லாமல் நுழைந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீர்பாய்ச்சி கரைக்கும் வயலுக்குமாக ஒரு நடை போய்வந்தார். குச்சியைப் பார்க்க யாரும் அவரைச் சொல்லவில்லை. பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான்.

“சாமி, ஒங்க பங்குக்கு உண்டான அளவ நெழலு தொடப் போகுது” என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. “இன்னும் நேரமிருக்குலே” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “தாண்டிருச்சு சாமி. உங்க வயலு நெறஞ்சு போச்சு. கீழ வழியுது பாருங்க” என்றார்.

பார்த்தேன். கீழ் வரப்பில் ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் வழிந்து, வயலுக்கு அப்பால் இருக்கிற உப்போடையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஓடை நேரே கடலுக்குப் போகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை.

திரும்பி நின்று, மணிக்கட்டைச் சொறிகிற மாதிரி, சாவியை முறுக்கினேன். டிக்டிக்கென்று ஓட ஆரம்பித்தது. “நின்றுபோச்சு, என் நேரம் முடிந்திருக்கும், அடைத்துவிடு” என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது. யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். சிரித்திருப்பார்கள். கடைத்தெருவில் பத்து நாள் அதே பேச்சாக இருந்திருக்கும். சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

“நெழலு நல்லாத் தாண்டிருச்சு சாமி” என்று மூன்றாவது தடவையாக அவர் சொன்னார். மண்வெட்டியில் மண்ணை அள்ளி அடைக்கத் தயாராக நின்றார்.

“நெழல நீ வீட்டுக்குக் கொண்டு போய் வச்சுக்க. கடியாரம் பத்து இருபதுதான் காட்டுது. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு” என்று கத்தினேன்.

அவர் மண்ணைக் கீழே போட்டார். அந்த நாற்பது நிமிஷமும் என் வயலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் தண்ணீர் உப்போடைக்குப் போனது. தண்ணீர் வழிந்து வீணாகக்கூடாது என்று கூட்டத்தில் கை நீட்டிப் பேசினவன் நான். வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

எவ்வளவு நேரம் நின்றுபோயிருந்தது என்று எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு மணி பஸ் போகும். அன்றைக்கு என் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபதுக்கே அது போயிற்று. அந்த பஸ் தாமதமாக வந்த நாள் கிடையாது. சீக்கிரமாக வந்த நாளும் கிடையாது. ஆக, நாற்பது நிமிஷம் பின்னால் இருக்கிறேன். இப்படியே விட்டால் கடிகாரம் ஆறைத் தொடும் முன்னே பொழுது அடைந்துவிடும், என் குட்டு வெளிப்பட்டுவிடும். எங்கேயாவது முள்ளைத் தள்ளி வைத்தாக வேண்டும். யாருடைய நேரத்தில் தள்ளுவது?

இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் கை வரவில்லை. நான் ஒவ்வொரு பங்காக யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாவது அம்பலகாரருடையது, வேண்டாம். பத்தாவது பங்குக்காரர் வாயாடி, வரப்பிலேயே கணக்குக் கேட்பார். சின்னம்மா கேட்க மாட்டார். என்னைத் தம்பி என்பவர், என் கடிகாரத்தை நம்பியிருப்பவர். அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

என் கடிகாரத்தில் ஐந்துக்குச் சின்னம்மாவின் வாமடை வெட்டப்பட்டது. அப்போது உண்மையில் ஐந்து நாற்பது. பனைமர மறைவுக்குப் போய் முள்ளை நாற்பது நிமிஷம் முன்னால் தள்ளினேன். இருபது நிமிஷத்தில் “ஆறு” என்றேன். சூரியனும் என் பக்கம் சாட்சி சொல்லுகிற மாதிரி சரியாக மேற்கே விழுந்துகொண்டிருந்தது.

“இந்த வயலுக்குத் தண்ணி பாதிகூடப் போகலயே சாமி” என்றார் நீர்பாய்ச்சி.

“பொழுது அடஞ்சாச்சுலே, மடையச் சாத்து” என்றார் அம்பலகாரர். மடை சாத்தப்பட்டது.

மறுநாள் காலையில் சின்னம்மா தலைவிரி கோலமாகக் கண்மாய்க்கரைக்கு வந்துவிட்டார். வெடிப்பு நனையவே ஒரு மணித் தண்ணீர் வேண்டாமா, தலைமாட்டில் மட்டும் நனைந்திருக்கிறது, மிச்சம் காய்ந்தது காய்ந்தபடி கிடக்கிறது, என் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டார். அவர் என்னைக் கேட்கவில்லை. நீர்பாய்ச்சியைக் கேட்டார். பங்குக்காரர்கள் எல்லாரும் வந்து குச்சியைச் சுற்றி நின்றோம். முதல் நாள் அவர் கிழித்த கோடுகள் அப்படியே இருந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“இது மொதப் பங்கு முடிஞ்சப்பக் கிழிச்சது, இது ரெண்டு, இது மூணு. உச்சிக்கு வர வர கோடு நெருங்கி நெருங்கித்தேன் வரணும். இங்கன பாருங்க சாமி, நாலாவது கோடு மட்டும் விலகி நிக்குது. அதுக்குப் பெறகு மறுபடி நெருங்கிருச்சு. அந்தப் பங்குக்குத்தேன் தண்ணி கூடுதலாப் போயிருக்கு.”

எல்லாரும் மணலைப் பார்த்தார்கள். நாலாவது பங்கு யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அது ஓட ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. நிழல் எப்படி ஏமாற்றும், மணலில் காற்று எப்படிக் கோட்டை நகர்த்தும், காலையில் இவ்வளவு தூரம், மத்தியானம் இவ்வளவு தூரம் என்று விளக்கிக்கொண்டே நடந்தேன். “இங்கன பாருங்க, இங்கருந்து இங்க வரைக்கும்” என்று பூட்ஸ் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். காட்டுகிற சாக்கில் நாலாவது கோட்டை மிதித்துத் தேய்த்தேன். நான் நகர்ந்தபோது அந்த இடத்தில் என் பூட்ஸ் தடம்தான் இருந்தது.

நீர்பாய்ச்சி என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் என் மேல் பழி சொல்லி அவர் வீடு போய்ச் சேர முடியுமா என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது தெரிந்துதான் தேய்த்தேன்.

கடிகாரம் சரி என்றால் தண்ணீர் எங்கே போயிற்று? ஒருத்தர், “இவன் மானியத்தப் பாப்பம்” என்றார். வாய்க்காலை ஒட்டி நீர்பாய்ச்சிக்கு ஊர் விட்டிருந்த ஒரு துண்டு நிலம் உண்டு. போய்ப் பார்த்தார்கள். ஈரமாக இருந்தது. வாய்க்கால் ஓரத்து மண், தண்ணீர் ஓடினால் கசியத்தான் செய்யும். ஒவ்வொரு வருஷமும் கசிகிறதுதான். அன்றைக்கு அது திருட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அவர் வைத்தார். மடைக்குப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். மானியமும் போயிற்று. அவர் மனைவி மறுவாரம் என் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து வேலிக்கு வெளியே நின்று, நான் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும் என்று சொல்லி அனுப்பினார். நான் வீட்டில் இல்லை என்று என் மனைவியைச் சொல்லச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அறுவடையில் சின்னம்மாவின் வயலில் தலைமாட்டில் மூன்றில் ஒரு பங்கு நெல். மிச்சமெல்லாம் கருக்காய். களத்தில் அவர் முறத்தில் அள்ளித் தூற்றினபோது பாதிக்கு மேல் காற்றோடு போனது. தூற்றத் தூற்ற அவர் நீர்பாய்ச்சியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து ஓலைக் கொட்டானில் புது அரிசி கொண்டுவந்து என் வீட்டில் வைத்தார். “அந்தக் களவாணிய எல்லாரும் நம்பிருப்பாக. நீ ஒருத்தன் தான் விளக்கிச் சொன்ன தம்பி” என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வருத்தப்பட்டார். வாங்கி வைத்துக்கொண்டோம். அந்த அரிசியில் என் மனைவி பொங்கினாள். நான் சாப்பிட்டேன். சிவப்பரிசி, நல்ல ருசி.

ஒரு வருஷம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். யாராவது மணி கேட்கும்போது மட்டும் உடம்பு கூசும். அந்தக் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும், வீட்டில் எரிந்து விழுவேன். நீர்பாய்ச்சியும் மனைவியும் திருப்புல்லாணிக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் ஏதோ உப்பளத்தில் கூலிக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் மடைக்குப் போட்டிருந்த புது ஆளுக்கு வாமடையை அடைக்கவே தெரியவில்லை. அவன் அடைத்தால் அரை மணி நேரம் கசியும். ஓடிய தண்ணீரில் கால்வாசி வாய்க்காலிலேயே செத்தது.

அடுத்த தை வந்தது. முறை வைக்கக் கண்மாய்க்கரையில் கூடினோம். அதே இடம். புளியங்குச்சியை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அம்பலகாரர் என்னைப் பார்த்து, “கடியாரத்தக் கட்டிட்டு வந்தியாப்பா?” என்றார். அப்போது சொல்லிவிட்டேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது.

“போன வருஷம் என் கடியாரம் நின்னு போச்சு. சாவி குடுக்க மறந்துட்டேன். நாப்பது நிமிஷம் என் வயல்ல கூடுதலாப் பாஞ்சுச்சு. அத மறைக்கச் சின்னம்மா நேரத்துல முள்ளத் தள்ளுனேன். அவன் திருடல.”

அடி விழும் என்று எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். அம்பலகாரர் மெல்லச் சிரித்தார்.

“ஏப்பா, அவன் பொண்டாட்டி ஒன் வீட்டு வேலியில வந்து நின்னது ஊருக்கே தெரியும். எரக்கம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகத் திருட்டுப் பயலுக்காக ஒன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிருவியா?”

“இல்ல, நெசமாவே...” என்றேன்.

“பெரிய மனசுய்யா ஒனக்கு” என்றார் பத்தாவது பங்கு வாயாடி. அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க தம்பி அவுக அய்யா மாதிரியே” என்றார்.

அப்போது நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்ததையும் பனைமர மறைவையும் சொல்லியிருந்தால், கோட்டை எந்தக் காலால் தேய்த்தேன் என்று காட்டியிருந்தால், நம்பியிருப்பார்கள். சொல்லவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்த பார்வை இனித்தது. குனிந்து நின்றேன். என் அடக்கத்தைப் பார்த்து இன்னும் புகழ்ந்தார்கள்.

“நீ இவ்வளவு சொல்றதால வரச் சொல்லுவோம்” என்றார் அம்பலகாரர். “புது ஆளும் சரியில்ல. செஞ்சது தப்புன்னு ஊர் முன்னால விழுந்து கும்பிட்டுட்டு மம்பட்டிய எடுத்துக்கிறட்டும். நீயே போய்க் கூட்டிட்டு வா.”

திருப்புல்லாணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக் கேட்டு உப்பளத்துக்கு நடந்தேன். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே ஒரு தீர்மானம் செய்திருந்தேன். அவரை ‘நீங்க’ என்று பேச வேண்டும். கேட்டு யாரும் சிரிக்க அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருத்தரும் இருக்கமாட்டார்.

பாத்திகளுக்கு நடுவில் நின்று, வாய்க்காலிலிருந்து உப்புத் தண்ணீரை ஒரு பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். கையில் மண்வெட்டிதான். காலெல்லாம் உப்புப் பூத்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“என்னலே, நல்லாருக்கியா?” என்றது என் வாய்.

“இருக்கேன் சாமி.”

ஊர் திரும்பி வரச் சொல்கிறது என்றேன். மானியமும் கிடைக்கும் என்றேன். ஊர் முன்னால் ஒரு கும்பிடு போட்டால் போதும், மன்னித்துவிடுவார்கள் என்றேன். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பாத்தியைப் பார்த்தேன்.

“மன்னிக்கவா?” என்றார். “நீங்க நடந்தத அவுககிட்டச் சொல்லலியா?”

“சொல்லிட்டேன். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். கடியாரம் நின்னது, முள்ளத் தள்ளினது, எல்லாம். அவுக நம்பல. நான் என்ன செய்ய?”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வயலில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

“எத்தன தரம் சொன்னீங்க சாமி?”

“ஒரு தரம்” என்றேன்.

“நான் அன்னைக்கு ஒங்க வரப்புல நின்னு மூணு தரம் சொன்னேன்” என்றார். “கள்ளன மன்னிக்கக் கூப்பிட்டா நான் வரல. நான் கள்ளன் இல்லன்னு கூப்பிட்டா வாரேன். அத அங்கன போய்ச் சொல்லுங்க.”

குனிந்து ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் பாத்தி வாயில் போட்டு மிதித்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

ஊர் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கண்மாய்க்கரையில் அம்பலகாரரும் நாலைந்து பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். என்னப்பா ஆச்சு என்று கேட்டார்கள். பஸ்ஸில் வரும்போது வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தைகள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தன.

“வரமாட்டேங்கிறான்” என்றேன்.

“திமிரப் பாத்தியா” என்றார்கள்.